மூஸுக்கு .308 தாராளமாக் காணும் தம்பி

வணக்கம் தம்பி, கோப்பாயிலயிருந்து போய் ஒன்டாரியோவில முதல் தரம் மூஸ் எண்ட பெரிய மான் வேட்டைக்கு வெளிக்கிடுறன், மச்சான் .300 வின் மேக் எண்ட பலத்த மேக்னம் துவக்குத்தான் வேணும் எண்டு நிக்கிறார், சுடேக்க தோளில அடிக்கிற உதை எனக்குப் பயம் எண்டு எழுதியிருந்தியள். நான் இப்ப யாழ்ப்பாணத்தோட வந்திட்டன், ஆனா அங்க வடக்கில கன வருசம் மூஸுக்குப் போனனான். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கெண்டு இழுக்கிற ஆளுக்கு மேக்னம் துவக்கு ஒரு உதவியும் செய்யாது. .308 இல்லாட்டி .30-06 தோட்டா போடுற துவக்கு எடுங்கோ, 165 இல்லாட்டி 180 கிரெய்ன் (குண்டின்ர நிறை) பொண்டட் தோட்டா, அதாவது பட்டாலும் லேசில சிதறாத குண்டு, போட்டாக் காணும், சுவீடன்காரர் அதிலும் சின்னக் குண்டு 6.5×55 ஆலயே காலங்காலமா மூஸ் சுடுறாங்கள்.

மிருகம் பெரிசுதான், வளர்ந்த ஆண் 500 கிலோவும் வரும், எங்கட வன்னி மரையிலும் ரெண்டு மடங்கு, ஆனா படுற இடம்தான் முக்கியம். பக்கவாட்டில நிக்கேக்க முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால வெடி வையுங்கோ, ரெண்டு நுரையீரலும் போகும். பட்டாலும் சில நேரம் ஒண்டும் நடக்காத மாதிரி அப்பிடியே நிக்கும், நிண்டா உடன திருப்பியும் வையுங்கோ.

100 யாரில ஸ்கோப்பைச் சரிபார்த்தாப் பிறகு மேசையை விட்டிட்டு முழங்காலில இருந்தும் நிண்டும் சுட்டுப் பழகுங்கோ, காட்டில மேசை கிடையாது. லைசென்ஸ், டேக் (மூஸ் சுடுறதுக்கான அனுமதிச் சீட்டு), செம்மஞ்சள் ஜக்கெட், தொப்பி எல்லாம் மச்சானுக்குத் தெரியும்.

விழுந்த உடன குடலை எடுத்துத் தோலுரிச்சு காத்துப்பட விடுங்கோ, தொடைக்குள்ள சூடு நிண்டா எலும்போட ஒட்டின இறைச்சி பழுதாப்போகும். தண்ணிக்குள்ள நிக்கிறதுக்கு மட்டும் வெடி வைக்காதேங்கோ, கரைக்கு வரட்டும், அந்தப் பாரத்தை ரெண்டு பேரால இழுக்கேலாது.