அசையாத ஆயில் போல்ட்

கேள்வி: என் பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறேன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடி போல்ட் அசையவில்லை. ஸ்பானர் வழுக்கித் தலை மழுங்கிவிட்டது. ஆயில் ஃபில்டரும் இறுகிக் கிடக்கிறது. என்ன வழி? - வாசகர், திண்டுக்கல்

பதில்: போன முறை மாற்றியவர் கைவரிசை இது. கசியுமோ என்ற பயத்தில் காலால் மிதித்து இறுக்குவார்கள், பழைய வாஷரையே திரும்பப் போடுவார்கள்.

12 முனை ரிங் ஸ்பானரை ஒதுக்குங்கள்; அது மூலைகளை மட்டுமே கவ்வும். 6 முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, நீளமான கைப்பிடி போட்டு ஒரே இழுப்பாக இழுங்கள். அதற்குமுன் எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்த்து இடப்பக்கம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, திருப்ப வேண்டும். காருக்கு அடியில் படுத்ததும் பலருக்குத் திசை குழம்பி, இன்னும் இறுக்கிவிடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடு). கழன்றதும் புது போல்ட், புது வாஷர். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

ஃபில்டருக்குப் பெல்ட் ரெஞ்ச் (பட்டையால் சுற்றிப் பிடித்துத் திருப்பும் கருவி) போதும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தகரம் கிழிந்து அடித்தட்டு மட்டும் மிஞ்சும். கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அதன்மேலேயே புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று இறுக்குங்கள், கையால் மட்டும்.