காப்பர் டேப் ஒட்டியும் பேஸ் கிட்டாரில் இரைச்சல் குறையவில்லை

இரைச்சலைத் தடுக்க, வயர்களும் குமிழ்களும் இருக்கும் குழி முழுக்க டேப் ஒட்டியும் இரைச்சல் அப்படியே இருந்தால், டேப் கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொது எர்த் இணைப்போடு) சேரவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். தனித்து நிற்கும் டேப் எதையும் தடுக்காது.

பெரும்பாலும் காரணம் பசைதான். சில டேப்புகளின் பசை மின்சாரத்தைக் கடத்தாது. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினாலும் துண்டுகள் தனித்தனியாகவே இருக்கும்.

கேபிளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வையுங்கள். ஒரு முனை கேபிள் செருகும் ஜாக்கின் ஸ்லீவ் லக்கில் (கிரவுண்ட் வயர் சேரும் தகட்டில்), மறுமுனை ஒவ்வொரு துண்டிலும். பீப் வராத துண்டை, பக்கத்துத் துண்டோடு சேரும் ஓரத்தில் ஒரு பொட்டு சோல்டர் வைத்து இணையுங்கள். எதிலுமே பீப் இல்லையா? வால்யூம் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (பாட்) முதுகிலிருந்து டேப்புக்கு ஒரு வயர் போடுங்கள்.

மூடியின் உட்புறத்திலும் டேப் வேண்டும். குழி விளிம்பில் 1 செ.மீ. வெளியே மடித்து ஒட்டினால், மூடியைத் திருகும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும். பலர் விட்டுவிடும் இடம் இதுதான்.

ஜாக்கின் டிப் லக் (சிக்னல் வயர் சேரும் தகடு) டேப்பில் பட்டால் சத்தமே வராது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

ஒன்று மட்டும்: சிங்கிள் காயில் பிக்கப் (ஒரே கம்பிச்சுருளால் தந்தி அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) சுற்றியுள்ள காந்தப்புலத்திலிருந்து வாங்கும் 50/60 ஹெர்ட்ஸ் ஹம் இதனால் போகாது. இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகை என்றால் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்து பாருங்கள். அப்போது அடங்கும் ஹம், டேப்பின் குறையல்ல.