உறையும்போது கரி எங்கே போகிறது? வார்ப்பிரும்பு கேள்வி பதில்

(கோவை ஃபவுண்டரியில் உலைப் பக்கமே காலம் தள்ளியவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.)

சார், பம்ப் கேசிங்கில் தடிமனான இடம் நன்றாகக் கடைசல் ஆகிறது. மெல்லிய விளிம்பில் மட்டும் டூல் முனை போய்விடுகிறது. மணல் ஒட்டியிருக்குமா?

இருக்கலாம். ஆனால் முதலில் விளிம்பை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் சாம்பலாக இல்லாமல் வெள்ளையாக மின்னினால் மணலைத் திட்டிப் பயனில்லை, அது சில் (சட்டென்று குளிர்ந்து வெள்ளையாகக் கெட்டிப்படுவது) ஆகியிருக்கிறது.

உருகிய இரும்பில் 3 முதல் 3.5 சதவீதம் கரி கரைந்திருக்கும். உறையும்போது அதற்கு இரண்டு வழி: தனியே பிரிந்து கிராஃபைட் ஆவது, அல்லது இரும்போடு கூடிச் சிமென்டைட் ஆவது. சிமென்டைட்தான் உங்கள் டூலைத் தின்பது. இரும்பும் கரியும் மட்டும் உள்ள கலவையில் முதல் வழி 1154 டிகிரியில் திறக்கும், இரண்டாவது 1148-இல். ஆறே டிகிரி! மெல்லிய விளிம்பு சட்டென்று குளிர்ந்து அந்த இடைவெளியைத் தாண்டி விழுந்துவிடுகிறது. சிலிக்கான் அதை அகலமாக்கும். லாடலில் (உருகிய இரும்பை ஏந்தும் வாளி) போடும் ஃபெர்ரோ சிலிக்கானோ (இரும்பும் சிலிக்கானும் கலந்தது) கிராஃபைட் முளைக்க வித்து. அந்த வித்தின் வீரியம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வடிந்துவிடும். டீ வந்ததென்று லாடலைக் காக்க வைத்து, ஒரு ஷிஃப்ட் உருப்படி முழுவதையும் மறுபடி உலையில் போட்டவன் சொல்கிறேன்.

கரி 4.3 சதவீதத்தில்தான் யூடெக்டிக் (மிகக் குறைந்த வெப்பத்தில் உறையும் கலவை) என்று படித்தோம். எங்கள் ஹீட்டில் (ஒரு முறை உருக்கும் இரும்பில்) 3.4 தானே?

சிலிக்கானை மறந்துவிட்டீர்கள், தம்பி. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கரியோடு கூட்ட வேண்டும். சிலிக்கான் 2.1 என்றால் 3.4 + 0.7 = 4.1. முதலில் ஆஸ்டெனைட் (கொஞ்சம் கரி கரைந்த திட இரும்பு) செடிக்கிளை போல வளரும். மிச்சத் திரவத்தில் கரி செறிந்துகொண்டே போய், கடைசியில் கிராஃபைட்டும் ஆஸ்டெனைட்டும் சேர்ந்தே உறையும்.

எஸ்.ஜி. அயர்னில் (உருண்டை கிராஃபைட் உள்ள வார்ப்பிரும்பு) கிராஃபைட் ஏன் உருண்டையாகிறது?

கந்தகமும் ஆக்சிஜனும் இருக்கும்வரை கிராஃபைட் செதிலாகத்தான் படரும். மெக்னீசியம் அவற்றைப் பிடித்துக்கொண்டு, 0.03 முதல் 0.05 சதவீதம் மிஞ்சி நின்றால் உருண்டை வரும். 1943-இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் கண்டது இது. செதிலின் கூர்முனையில் விரிசல் தொடங்கும், உருண்டைக்கு முனை ஏது?

ரைசர் (உறையும்போது சுருங்கும் இடத்துக்கு உருகிய இரும்பு ஊட்டும் கூடுதல் பகுதி) இல்லாமலே வார்க்கலாம் என்கிறார்களே?

சில உருப்படிகளில் முடியும். கிராஃபைட் இரும்பைவிட மூன்று மடங்கு லேசு, பிரியும்போது விரிந்து சுருக்கத்தை ஈடுகட்டும். மோல்டு நெகிழ்ந்து கொடுத்தால் அந்த விரிவு வீண். பச்சை மணலில் (ஈரமும் களிமண்ணும் சேர்த்த, நெகிழும் மணல் மோல்டு) நான் துணிய மாட்டேன்.

அண்ணா, தோசைக்கல்லைப் பழக்கினால் இரும்பின் உள்ளமைப்பு மாறுமா?

மாறாதும்மா. அது மேலே படியும் எண்ணெய்ப் படலம் மட்டுமே. சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், செதில் கிராஃபைட் உள்ள கல் பட்டென்று விரிசல் விட்டுவிடும்.