அக்காவின் சம்பளம் அதிகமா, குறைவா?

கேள்வி: என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியர். 19 வருடச் சர்வீஸ். நான் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சம்பள உயர்வு கேட்டு அவர்கள் சங்கம் நடத்திய போராட்டத்துக்குப் போய்விட்டு அக்கா வீட்டுக்கு வந்த அன்று, "வருஷத்துக்கு இவ்வளவு லீவு, சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறாய், வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, பென்ஷன் வேறு, இதற்கு மேல் என்ன வேண்டும்? எங்கள் கம்பெனியில் வேலையைப் பார்த்துத்தான் இன்க்ரிமென்ட்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு? உண்மையிலேயே ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் அக்காவைச் சுட்டது பென்ஷன் பேச்சு இல்லை என்று நினைக்கிறேன். "சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறாய்" என்றீர்களே, அதுதான். நான் ஆறு வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு எழுத வந்தவள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என்னாலேயே சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளைகள், ஆக 160 நோட்டு. ஒரு நோட்டுக்கு 3 நிமிடம் என்றால் 480 நிமிடம், முழுசாக 8 மணி நேரம். வாரத்துக்கு ஒருமுறை நோட்டு வாங்கினாலே ஒரு வேலைநாள் அதற்குப் போய்விடும், அந்த நாள் எந்தக் கால அட்டவணையிலும் இருக்காது. அதுவும் 3 நிமிடத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடத்தான் முடியும். இந்தப் பிள்ளை கழித்தலில் மட்டும் ஏன் விடாமல் தப்பு செய்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் ஒரே நோட்டில் கால் மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் பாடக்குறிப்பு, கேள்வித்தாள், பதிவேடுகள், நாளைக்குள் கணினியில் ஏற்றியாக வேண்டும் என்று திடீரென்று கேட்கும் விவரங்கள், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, சாப்பாட்டு இடைவேளையில் அழுதுகொண்டு வந்து நிற்கும் ஒரு குழந்தை. நீங்கள் கண்ணால் பார்ப்பது அக்கா வீட்டுக்குள் நுழையும் நேரத்தை. வேலை முடிகிற நேரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD, பெரும்பாலும் வசதியான நாடுகளின் கூட்டமைப்பு) 2018-இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், நடுநிலை வகுப்பு ஆசிரியர் ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக 38 மணி நேரம் போல வேலை செய்வதாகவும், அதில் ஏறக்குறைய பாதிதான் வகுப்பறையில் நடப்பதாகவும் வந்தது. மற்ற பாதிதான் உங்கள் கண்ணுக்குப் படாத வேலை.

ஜப்பானில் இந்த மற்ற பாதிக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன், இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1971-இல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். ஓவர்டைம் சம்பளம் கிடையாது, அதற்குப் பதிலாக மாதச் சம்பளத்தில் 4 சதவீதம் கூடுதலாகத் தரப்படும். அந்த 4 சதவீதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1966-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ஆசிரியர்கள் மாதத்துக்குச் சுமார் 8 மணி நேரம் கூடுதலாக வேலை செய்வதாகத் தெரிந்தது, அதை வைத்துப் போட்ட கணக்கு அது. பிறகு வேலை ஏறிக்கொண்டே போனது. விளையாட்டுக் குழுக்கள், சனி ஞாயிறு போட்டிகள், பெற்றோர்களின் தொலைபேசி அழைப்புகள் என்று எல்லாம் சேர்ந்தன. நான் மேலே சொன்ன அதே 2018 கணக்கெடுப்பில் ஜப்பானின் நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்ததாக வந்தது, கலந்துகொண்ட நாடுகளிலேயே அதுதான் அதிகம். கூடுதல் தொகை மட்டும் 4 சதவீதத்திலேயே நின்றது. அரை நூற்றாண்டு கழித்து, 2025-இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அதைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். வேலை ஏறுவதை யாரும் எண்ணாமல் இருந்தால் சம்பளச் சீட்டில் ஒரு எழுத்துகூட மாறாமலே சம்பளம் குறைந்துகொண்டு போகும். உங்கள் அக்காவுக்கும் இதுதான் நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, அவரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சரி, பென்ஷனுக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் வருவோம். இங்கே உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் எக்கனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் வருடா வருடம் இந்தக் கணக்கைப் போடுகிறது. அதே அளவு படித்த மற்றவர்களோடு ஒப்பிட்டால் அரசுப் பள்ளி ஆசிரியரின் வாரச் சம்பளம் 1996-இல் சுமார் 6 சதவீதம் குறைவாக இருந்தது, 2022-இல் அது 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பென்ஷன், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் இடைவெளி சுமார் 17 சதவீதமாகச் சுருங்குகிறது. அதாவது சலுகைகளுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவை பள்ளத்தை முழுசாக மூடவில்லை. இதற்கு நேர் எதிராகச் சொல்பவர்களும் உண்டு. ஆண்ட்ரூ பிக்ஸ், ஜேசன் ரிச்வைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் அதே நாட்டைப் பற்றி எழுதும்போது, வேலைப் பாதுகாப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் ஒரு விலை போட்டு, பட்டத்தை வைத்து ஒப்பிடக் கூடாது என்றும் வாதிட்டு, சந்தை தருவதைவிட ஆசிரியர்கள் 52 சதவீதம் அதிகமாகவே பெறுகிறார்கள் என்று முடித்தார்கள். ஒரே நாடு, ஒரே தொழில், இரண்டு முடிவு. எதை எண்ணுகிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விடை மாறுகிறது. நான் முதல் கணக்கின் பக்கம் நிற்கிறேன், ஏனென்றால் அதே படிப்பைப் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருக்கக்கூடிய ஒருவரைத்தானே நாம் வகுப்பறைக்கு அழைக்கிறோம்? 1966-இல் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை பற்றி ஒரு பரிந்துரையை ஏற்றார்கள். அதிலும் இதே அளவுகோல்தான்: இணையான தகுதி கேட்கும் மற்ற தொழில்களின் சம்பளத்தோடு ஆசிரியர் சம்பளம் நன்றாகவே ஒத்து நிற்க வேண்டும், குடும்பத்தோடு கௌரவமாக வாழ முடிய வேண்டும், மேலும் படிக்கவும் அதில் இடம் இருக்க வேண்டும். அந்தப் பரிந்துரை ஏற்கப்பட்ட அக்டோபர் 5-ஐத்தான் இன்று உலக ஆசிரியர் தினமாக வைத்திருக்கிறோம்.

"வேலையைப் பார்த்து இன்க்ரிமென்ட்" என்றீர்கள். கேட்க நியாயமாக இருக்கும். இதை ஒரு நாடு முழுக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1862-இல் இங்கிலாந்தில் கல்வித் துறையைப் பார்த்துக்கொண்ட ராபர்ட் லோ, பிள்ளைகளின் வருகையையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு இந்த மூன்றில் அவர்கள் தேறுவதையும் வைத்துப் பள்ளிக்கு மானியம் என்று கொண்டுவந்தார். இந்தத் திட்டம் மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாகவாவது இருக்கும் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். தேர்வு வைக்கும் இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகவே வருடம் முழுக்கப் பாடம் நடந்தது. வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், மானியம் இல்லாத பாடங்கள் ஓரத்துக்குப் போயின, மெதுவாகக் கற்கும் பிள்ளை, மானியத்தை நம்பிச் சம்பளம் வாங்கிய ஆசிரியருக்கு நஷ்டமாகத் தெரிய ஆரம்பித்தது. இந்தக் கடைசி விஷயம்தான் என்னை உறுத்துகிறது. பின் பெஞ்சில் ஒரு பிள்ளை திணறும்போது என் சம்பளம் நினைவுக்கு வரும் என்றால் அந்த வகுப்பில் என்ன மிஞ்சும்? முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு 1890-களில் அதைக் கைவிட்டார்கள். நம் காலத்திலும் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கணக்கு ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை போனஸ் என்று மூன்று வருடம் வைத்துப் பார்த்தார்கள், போனஸ் வாய்ப்பு இருந்தவர்களின் மாணவர்களுக்கும் இல்லாதவர்களின் மாணவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எல்லா இடத்திலும் தோற்றது என்று சொன்னால் பொய்யாகும், ஆந்திர கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஒரு பரிசோதனையில் சிறிய போனஸுக்கே மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் உங்கள் கம்பெனியின் முறையை அப்படியே தூக்கிவந்து வகுப்பறையில் வைத்தால் வேலை செய்யும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் அலுவலகத்தில் புதுக் கருவி வந்தால் ஒருவரே இரண்டு பேர் வேலையைச் செய்யலாம், அதனால் சம்பளமும் ஏறலாம். ஒரு குழந்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்க நூறு வருடத்துக்கு முன்னால் ஆன நேரம்தான் இன்றைக்கும் ஆகிறது. பொருளியலாளர் வில்லியம் பாமல் 1960-களில் இதை விளக்கினார்: மற்ற துறைகளில் சம்பளம் ஏறும்போது, வேகமாகச் செய்ய முடியாத இந்த மாதிரி வேலைகளுக்கும் சேர்த்து ஏற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். "போன வருஷம் செய்த அதே வேலைதானே, எதற்கு உயர்வு" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சம்பளத்தை ஏற்றினால் பாடம் தானாக நன்றாகிவிடும் என்று மட்டும் நான் சொல்ல வரவில்லை. இந்தோனேசியாவில் 2005-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். பிறகு அதை முறையாக ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டபோது, பிள்ளைகளின் கற்றலில் மாற்றமே இல்லை என்று தெரிந்தது. இதைக் காட்டித்தான் பலரும் "பார்த்தீர்களா, சம்பளம் வீண்" என்கிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆசிரியர்களின் பணக்கவலை குறைந்தது, பள்ளி முடிந்து இன்னொரு வேலைக்கு ஓடுவது குறைந்தது. எனக்கு இதுவே போதும். ஒருவர் செய்த வேலைக்குக் கூலி கொடுப்பது அவர் செய்துவிட்டதற்காக. அந்தக் கூலியால் மதிப்பெண் ஏறவில்லை என்பதற்காக அதைத் தவறு என்று சொல்ல முடியாது. பாடம் நன்றாக வேண்டும் என்றால் பயிற்சி, சிறிய வகுப்பு, நல்ல தலைமையாசிரியர் என்று வேறு பல வேண்டும்.

பள்ளிக்கே வராத ஆசிரியர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 2006-இல் வெளிவந்த ஆறு நாட்டு ஆய்வு ஒன்றில், முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்தபோது ஐந்தில் ஒருவர் போலப் பள்ளியில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவரே மாதக்கணக்கில் அப்படி இருந்தார், அவருடைய வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அவரைக் கேள்வி கேட்க வேண்டியது மேலதிகாரியின் வேலை. அவருக்காக உங்கள் அக்காவின் சம்பளத்தில் கை வைப்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் நிரந்தர ஆசிரியரின் பக்கத்து வகுப்பிலேயே ஒரு தற்காலிக ஆசிரியர் இருப்பார், அதே பாடம், அதே பிள்ளைகள், சம்பளம் மட்டும் மிகக் குறைவு, சில இடங்களில் நாலில் ஒரு பங்குதான். கென்யாவில் ஒரு பரிசோதனையில் இப்படிக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்த ஆசிரியர்களிடம் பிள்ளைகள் நன்றாகவே கற்றார்கள், "பாருங்கள், மலிவாகவே முடிகிறதே" என்று அதையே அரசாங்கம் பெரிய அளவில் செய்தபோது பலன் காணாமல் போனது. குறைந்த சம்பளத்துக்கு ஒருவர் கிடைக்கிறார் என்பது அவருக்கு வேறு வழியில்லை என்பதை மட்டும்தான் காட்டுகிறது. சம்பள அநியாயம் யாருக்கு நடக்கிறது என்று என்னைக் கேட்டால் முதலில் இவர்களைத்தான் காட்டுவேன், உங்கள் அக்கா அதற்கு அப்புறம்தான்.

"ஆசிரியப் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி" என்று ஒவ்வொரு விழா மேடையிலும் சொல்கிறோம். நானும் கைதட்டியிருக்கிறேன். இப்போது அந்த வரியைக் கேட்டால் தயக்கமாக இருக்கிறது. சங்கம் சம்பளம் கேட்கும்போது "அறப்பணிக்குப் பணமா" என்று அதே வரியைத் திருப்பி எறிகிறார்கள், எறிகிறவர்கள் அந்தப் பணிக்கு உண்மையில் மரியாதை கொடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. நான் முதலில் சொன்ன அந்த 2018 பன்னாட்டுக் கணக்கெடுப்பில் தங்கள் தொழிலைச் சமூகம் மதிக்கிறது என்று சொன்ன ஆசிரியர்கள் நாலில் ஒருவர்தான். தங்கள் வேலை பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள் பத்தில் ஒன்பது பேர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தம்பி, உங்கள் அக்கா மூன்று வாரமாக ஏன் சரியாகப் பேசுவதில்லை என்று புரியும்.

ஆக, குறைவா என்றால், எல்லா ஊரிலும் எல்லா ஆசிரியருக்கும் குறைவு என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். லக்ஸம்பர்க்கிலும் ஜெர்மனியிலும் நல்ல சம்பளம்தான். ஆனால் செய்கிற மொத்த வேலையையும் எண்ணி, அதே படிப்புக்கு வெளியில் என்ன கிடைக்கும் என்று பார்த்தால், பெரும்பாலான இடங்களில் குறைவுதான், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இன்னும் குறைவு. உங்கள் அக்காவின் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவருடைய ஒரு வாரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் புள்ளிவிவரம் பேசாதீர்கள். அடுத்த தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும் அன்று பக்கத்தில் போய் உட்காருங்கள். அன்றைக்குப் பேசியது தப்பு என்று ஒரு வரியில் சொன்னால் போதும், நீட்ட வேண்டாம். திருத்தி முடித்த தாள்களில் மதிப்பெண் கூட்டல் சரிபார்ப்பதற்கு எப்போதும் ஒரு ஆள் தேவைப்படும். அக்கா அந்த வேலையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் தாளை எடுக்கும்போது மணி என்ன என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.