இராக்காவலும் பகல் உறக்கமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காலபோக நெல் முற்றிவிட்டது. யானைக்குப் பயந்து இரவு முழுவதும் வயற்கொட்டிலில் காவல் இருக்கிறேன். விடிந்ததும் வீட்டுக்கு வந்து படுத்தால் பத்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கவலை கூடிவிட்டது என்கிறார் மனைவி. இது நோயா, ஐயா?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: நோயல்ல, தம்பி. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சிறு பகுதி ஒன்று இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். இருட்டறையில் அடைத்து வைத்தாலும் அது ஓடும். ஆனால் பெரும்பாலானோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணித்தியாலத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக இருக்கும். அந்த மிச்சத்தைத் தினமும் கழித்து நேராக்குவது காலை வெளிச்சம். சைக்கிளில் வீடு திரும்பும்போது உங்கள் கண்ணில் படும் வெயில் அந்தக் கடிகாரத்தைப் பகலோடு இன்னும் இறுகக் கட்டிவிடுகிறது. பத்து மணிக்கு உடல் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். அந்த வேளையில் எவ்வளவு களைத்தவருக்கும் உறக்கம் நிலைக்காது.

சுவர்க் கடிகாரத்துக்கு இதில் பங்கில்லை. 1996இல் இலங்கையின் நேரத்தை முன்தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. சமாதான காலத்தில் வன்னிக்குள் நுழையும் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்கள் கடிகாரத்தில் அரை மணித்தியாலம் மாற்றினார்கள். 2006இல் நாடே பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து ஆண்டுகளிலும் உடல்கள் சூரியனைத்தான் பின்பற்றின.

நீங்கள் செய்ய வேண்டியது: வரும் வழியில் முன்விளிம்புள்ள தொப்பி அணியுங்கள். படுக்கும் அறையின் யன்னலைத் தடித்த துணியால் மூடுங்கள். காவல் இல்லாத நாளிலும் அதே வேளையில் நாலு மணித்தியாலமாவது உறங்குங்கள். மாலை மூன்று மணிக்குப் பின் தேத்தண்ணீர் குடித்தால் காவலுக்கு உதவும், விடியற்புறத்தில் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, முழு இரவையும் ஒருவரே சுமக்காதீர்கள். பக்கத்து வயற்காரருடன் பேசி, நள்ளிரவில் ஆளை மாற்றுங்கள். மூன்று மணி முதல் ஐந்து மணி வரை உடல் வெப்பமும் கவனமும் மிகக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் தனி ஆளாக யானைக்கு முன் நிற்பது உயிருக்கே ஆபத்து. நெல்லை அடுத்த போகத்திலும் விதைக்கலாம், தம்பி.

கேள்வி: வெளிச்சம் வருமுன்னே சேவல் கூவுகிறதே, எப்படித் தெரிகிறது?
– மாங்குளம் மாணவி

பதில்: அதற்கும் உள்ளே கடிகாரம் உண்டு, மகள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் சேவல்களை மாறாத மங்கிய வெளிச்சத்தில் வைத்தார்கள். விடியலின் அடையாளம் எதுவும் இல்லாமலே அவை நாளுக்கொரு முறை கூவும் ஒழுங்கைக் காத்தன; நாள் செல்லச்செல்ல அந்த ஒழுங்கு தளர்ந்தது. செடிகளுக்கும் இது உண்டு. 1729இல் பிரெஞ்சு அறிஞர் டி மேரான் தொட்டாற்சுருங்கிச் செடியை இருட்டில் வைத்தார். அப்போதும் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. வீதியோரச் செடியொன்றை வேரோடு பெயர்த்துச் சட்டியில் நட்டு, தேறிய பின் அலுமாரிக்குள் வைத்து நீயே பார்க்கலாம். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதே, செடி வாடிவிடும்.