மூன்று போகம் தாங்கிய ரகம் நான்காவதில் ஏன் விழுந்தது?

கேள்வி: குலைநோய் தாங்கும் என்று சொன்ன ஒரே நெல் ரகத்தை நான்காவது போகமாக நட்டிருக்கிறேன். முதல் மூன்று போகமும் வயல் சுத்தமாக இருந்தது. இந்த முறை கதிர் வந்த கையோடு கழுத்து கறுத்து, பாதிக்கு மேல் பதராகிவிட்டது. விதையில் கலப்படமா? கோதுமைக் குலைநோய் கண்டம் விட்டுக் கண்டம் பரவுகிறது என்று படித்தேன். அதுதான் நெல்லுக்கும் வந்துவிட்டதா?

பதில்: கோதுமைக் குலைநோய் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் பைரிகுலேரியா ஒரைசே என்ற ஒரே பூஞ்சாணம்தான். ஆனால் அதற்குள் தனித்தனிக் கிளைகள் இருக்கின்றன. நெல்லில் பிழைப்பது ஒரு கிளை, கோதுமையில் பிழைப்பது வேறொன்று.

கலப்படமா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கலந்த விதை என்றால் உயரத்திலும் பூக்கும் நாளிலும் மாறுபட்ட பயிர்கள் ஆங்காங்கே நிற்கும், நோயும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். பயிர் ஒரே சீராக நின்று பரவலாகக் கழுத்து ஒடிந்திருந்தால் விதையைக் குறை சொல்ல முடியாது. மாறியது பூஞ்சாணம்.

உங்கள் ரகத்திடம் இருக்கும் எதிர்ப்பு மரபணு ஒரு காவல்காரன் மாதிரி. பூஞ்சாணத்தின் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டதும் அந்த இடத்துச் செல்களைச் சாகடித்து வழியை அடைத்துவிடும். அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவைப் பூஞ்சாணம் தொலைத்துவிட்டால் காவல்காரனுக்கு ஆள் தெரியாது. இப்படிப்பட்ட மரபணுக்களில் ஒன்றான ஏவிஆர்-பிட்டா (AVR-Pita) குரோமோசோமின் நுனியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நுனிப்பகுதி அடிக்கடி உடைந்து போகிற இடம். அதனால் கோடிக்கணக்கான பூஞ்சாண வித்துக்களில் ஒன்றிரண்டு இப்படி ‘முகம் தொலைத்து’ப் பிறப்பது அதிசயமே இல்லை. மற்றதெல்லாம் உங்கள் வயலில் தோற்க, அது மட்டும் பெருகும். ஒரே ரகத்தைத் திரும்பத் திரும்ப நட்டு அதற்குப் பாதை போட்டுக் கொடுத்தது நாம்தான்.

இதற்கு ஆண் பெண் கலப்புகூடத் தேவையில்லை. நெல் குலைநோய்ப் பூஞ்சாணத்தில் இரண்டு இணைவகைகள் உண்டு. இரண்டும் சந்தித்து மரபணுக்களைக் கலந்துகொள்வதற்கான தடயம் தென்கிழக்கு ஆசியப் பெருநிலப் பகுதியில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. உலகின் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரே தாயின் நகல்கள்தான் சுற்றிவருகின்றன. நகல்தானே என்று இளக்காரமாக நினைக்கக்கூடாது.

நீங்கள் படித்த கோதுமைக் கதையே அதற்குச் சாட்சி. 1985-இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதலில் தென்பட்ட நோய், 2016-இல் வங்காளதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேரைத் தாக்கியது. 2018-இல் ஜாம்பியாவிலும் தெரிந்தது. மரபணு வரிசையைப் படித்தபோது இரண்டு நாட்டிலும் இருப்பது பி71 என்ற ஒரே நகல் வம்சம் என்று தெரிந்தது. ஆனால் வங்காளதேசத்திலிருந்து ஜாம்பியாவுக்குப் போகவில்லை, தென் அமெரிக்காவிலிருந்து தனித்தனியாக இரண்டு பயணம். காற்று இவ்வளவு தூரம் சுமந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, தானியத்தோடுதான் போயிருக்க வேண்டும். அதைவிடக் கவலை ஒன்று உண்டு: இந்த வம்சம் ஆப்பிரிக்கக் கேழ்வரகுக் குலைநோய்க் கிளையோடு ஆய்வகத்தில் இணைந்து இனம் பெருக்கியிருக்கிறது. வயலிலும் அது நடந்தால் ஆட்டமே வேறு.

சரி, உங்கள் வயலுக்கு வருவோம். கழுத்து கறுத்த பிறகு மருந்து அடித்துப் பயனில்லை, காசு வீண். இந்த அறுவடையிலிருந்து விதை எடுக்காதீர்கள், பூஞ்சாணம் விதையோடும் வரும். நெல் தாளை வரப்பில் குவித்து வைக்காதீர்கள். அடுத்த போகத்தில் யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், தழைச்சத்து மிஞ்சிய பயிரில் இந்த நோய் கொழுக்கும்.

ரகம் மாற்றும்போது பெயரை மாற்றினால் போதாது. வேறு பெயரில் அதே எதிர்ப்பு மரபணு இருக்கலாம், பெற்றோர் ரகங்கள் எவை என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டு ரகமாக நடுங்கள். சீனாவின் யுன்னானில் நோய்க்கு எளிதில் ஆளாகும் பசை நெல்லை ஒரு வரிசையும், எதிர்ப்புள்ள வீரிய ஒட்டு நெல்லை நான்கு முதல் ஆறு வரிசையுமாக நட்டார்கள். 1999-இல் 3,342 ஹெக்டேர் வரை இப்படிச் செய்தார்கள். பசை நெல்லைத் தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் அதில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. அறுவடை நாள் ஒத்துப்போகிற ரகங்களாகப் பார்த்துக்கொள்வதுதான் இதில் தலைவலி.

மருந்து தேவைப்பட்டால் கதிர் வெளிவரத் தொடங்கும்போதே அடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே வகை மருந்தாக இருக்கவும் கூடாது. பிரேசில் கோதுமை வயல்களில் ஸ்ட்ரோபிலுரின் மருந்துகளை நம்பிக் கொண்டிருந்தார்கள். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிய பூஞ்சாணம் அதையும் தாண்டிவிட்டது.

அப்புறம், கறுத்த கழுத்துப் பகுதியில் பத்துப் பதினைந்து துண்டு வெட்டி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பாலிதீன் பையில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் வேறு பூசணம் ஏறி, எது குலைநோய் என்றே தெரியாமல் போகும்.