வேலையோடு போன காப்பீடு

கேள்வி: தனியார் வேலையை விட்டுப் பாபநாசத்துக்கே திரும்பிவிட்டேன். நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடும் முடிந்துவிட்டது. அரசுக் காப்பீட்டில் சேர முடியுமா?

பதில்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படவில்லை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியம் ஏதுமின்றிச் சேரலாம், ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வேலையை விட்ட விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெளிவாகக் கூறி வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளுடன் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குச் செல்லுங்கள். குறுவை அறுவடை முடியட்டும் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நோய் அதுவரை காத்திருக்காது. ஆனால், இத்திட்டம் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கானது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பெறலாம்.